நான்கு மூலைக் கல்லுப்பு

உப்பு குறைந்திருந்தது. ஆனால் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மங்கையர்க்கரசி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். நேற்றுக் காலை ஹாலின் மூலையில், எவர்சில்வர் தட்டில் கோபுரமாகக் குவித்து வைத்த கல்லுப்பு. இப்போது அதன் உச்சியைக் காணோம். நடுவில் வழவழவென்று ஒரு பள்ளம். கரைந்திருந்தால் நீர் விட்டிருக்கும். எறும்பு உப்பைத் தொடாது. எலி என்றால் சிந்தியிருக்கும். இங்கே ஒரு கல்கூடத் தரையில் இல்லை. பள்ளத்தின் ஓரத்துக் கற்களெல்லாம் முனை மழுங்கி, யாரோ வாயில் போட்டுச் சப்பித் துப்பிய கற்கண்டு மாதிரி இருந்தன.

உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உப்பு குறைந்தால் கண்ணேறு கழிகிறது என்று தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் சொல்லியிருந்தாள். ஆக, கழிகிறது. எப்படிக் கழிகிறது என்று ஆராய்ச்சி பண்ண அவளுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. பள்ளத்தை நிரப்பி, மறுபடி கோபுரமாக்கி, கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே கணவன் சிவஞானம் தூங்கிக்கொண்டிருந்தான். காலை ஒன்பது மணி. அந்த வீட்டில் அதுதான் நடுராத்திரி.

சிவஞானத்துக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு கேப் வந்து அவனை செகந்திராபாத் சைனிக்புரியிலிருந்து மாதாப்பூருக்கு அள்ளிக்கொண்டு போகும். விடிந்ததும் கசக்கிப் பிழிந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போகும். போன டிசம்பரில், 2008 முடிகிற சமயம், உலகமே ஆட்டம் கண்டபோது பழைய கம்பெனி அவனை ஒரே ஒரு மெயிலில் வீட்டுக்கு அனுப்பியது. அலையோ அலை என்று அலைந்து கிடைத்தது இந்த ஒப்பந்த வேலை. சேர்ந்த மாதமே, வாடிக்கையாளர்களோடு போன் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது மேஜையில் சாய்ந்து தூங்கிவிட்டான். குறட்டை அட்லாண்டா வரை கேட்டதாம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் அதற்கு மேலே போனார். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, பகலில் ஆறு மணி நேரமாவது தூங்காவிட்டால் வேலை என்ன, ஆளே மிஞ்ச மாட்டார் என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

ஆகவே மங்கைக்கு உலகத்தில் ஒரே வேலை, அவன் தூக்கத்தைக் காப்பது. படுக்கையறை ஜன்னல்களுக்கு அட்டை ஒட்டிக் கறுப்புத் துணி தொங்கவிட்டாள். காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கினாள். குக்கர் விசிலுக்குப் பயந்து சமையலை ராத்திரிக்கு மாற்றினாள். தாளிக்கிற கடுகு வெடிக்கும் சத்தத்துக்குக்கூட நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை செய்தும் அவன் தூக்கத்தைக் கெடுக்க அந்த வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று இருந்தது.

பகல் பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் ஹாலில் 'டக்' என்று கேட்கும். முற்றின தேங்காய் இரண்டை ஓங்கி மோதினால் வருமே, அந்தச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் விழுந்திருக்காது, ஒன்றும் உடைந்திருக்காது. அறைக்குத் திரும்பினால் சிவஞானம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிவந்த கண்ணோடு முறைத்துக்கொண்டிருப்பான்.

"என்னத்த உருட்டுத நீ?"

"நான் ஒண்ணும் உருட்டலைங்க."

"பின்ன அந்த ஆடா உருட்டுச்சு?"

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஹால் சுவரில் ஐந்து தலைகள் இருந்தன.

வீடு கர்னல் வெங்கடகிருஷ்ணனுடையது. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து வேர்விட்ட தமிழ்க் குடும்பம். கர்னல் இள வயதில், அறுபதுகளில், லடாக்கில் இருந்தபோது சுட்ட மலை மிருகங்களின் தலைகளைப் பாடம் பண்ணி, பலகையில் பொருத்தி, கீழே பித்தளைத் தகடும் அடித்து மாட்டியிருந்தார். நீலச் சாம்பல் நிறத்தில் பரல் என்கிற மலையாடு இரண்டு. பின்னால் வாள் மாதிரி வளைந்த கொம்போடு ஐபெக்ஸ் ஆடு ஒன்று. தாடி வைத்த ஷாப்பு ஆடு ஒன்று. நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நியான், காட்டுச் செம்மறி. அதன் கொம்புகள் சுருண்ட சுருளுக்குள் ஒரு குடத்தை வைத்துவிடலாம். மங்கைக்குத் தெரிந்தது வரையாடு ஒன்றுதான், அதுவும் பள்ளிக்கூடப் புத்தகத்தில். அதனால் ஐந்தையும் மொத்தமாக வரையாடு என்றே சொல்லி வந்தாள்.

கர்னல் செத்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் அமெரிக்காவில். வாடகை குறைச்சல், நிபந்தனையும் ஒன்றே ஒன்று. தலைகளைத் தொடக்கூடாது. அவை அரசாங்கப் பதிவில் ஏறியவை, சான்றிதழ் கர்னல் பேரில் இருக்கிறது, மகன் நேரில் வந்து மாற்றி எழுதும் வரை அசைக்கவே கூடாது. ஸ்டோர் ரூமிலாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று மங்கை மூன்று மெயில் அனுப்பினாள். மூன்றுக்கும் சேர்த்து 'டிசம்பரில் வருகிறேன், தொட வேண்டாம்' என்று ஒரு வரி வந்தது. வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டாள். அவர்களும் அதையே சொன்னார்கள். சரி, தொடவில்லை, துணி போட்டு மூடிக்கொள்கிறேன் என்று ஐந்து பழைய துப்பட்டிகளைப் போர்த்தினாள். வேலை முடிந்து வந்த சிவஞானம் ஹாலில் நுழைந்ததும் அலறினான். போர்த்திய தலைகள் போர்த்தாத தலைகளைவிட மோசம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு துணியை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் அவள் அம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

"ஏட்டி, கண்ணேறுதான், வேற என்ன? வேலை கெடைச்சிருச்சுல்லா, எவ கண்ணு பட்டுச்சோ. நாலு மூலைக்கும் உப்பு வை."

"வச்சேன்ம்மா. தூள் உப்பு."

"தூள் உப்பு என்னத்துக்கு ஆவும்? கல்லுப்பு வைட்டி. அங்கன கெடைக்காட்டி நான் அனுப்புதேன்."

ஐந்து கிலோ கல்லுப்பு பஸ் பார்சலில் வந்தது. லக்டி-கா-பூல் பஸ் ஆபீசுக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள் மங்கை. ஏப்ரல் இரண்டாவது வாரம். வெயில் மண்டையைப் பிளந்தது.

உப்பு வைத்த மூன்றாம் நாள் 'டக்' சத்தம் நின்றது.

சிவஞானம் அன்று ஆறரை மணி நேரம் தூங்கினான். மறுநாள் ஏழு. எழுந்து காபி குடிக்கும்போது பாட்டுகூட முணுமுணுத்தான். மங்கைக்கு அம்மாவின் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. தட்டுகள் தினமும் குறைந்தன. அவள் தினமும் நிரப்பினாள். முதலில் இரண்டு நாளைக்கு ஒரு பிடி; பிறகு நாளுக்கு இரண்டு பிடி. ஐந்து கிலோ மூன்றே வாரத்தில் தீர்ந்து, அம்மா இன்னொரு பத்து கிலோ அனுப்ப வேண்டியதாயிற்று. "அம்புட்டுக் கண்ணேறாட்டி ஒங்களுக்கு?" என்று அம்மாவே மலைத்தாள்.

ஒன்றிரண்டு விஷயங்கள் அவள் மனத்தில் ஒட்டாமல் நின்றன. அவள்தான் அவற்றைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஹாலில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. பக்ரீதுக்கு முன்னால் தெருவில் கட்டிப்போட்ட கிடாக்கள் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை, கூடவே நனைந்த கம்பளியின் நெடி. பினாயில் போட்டுத் துடைத்தால் ஒரு மணி நேரம் அடங்கும். படுக்கையறைச் சுவரில் மழைக்கால ஈரத்தில் உப்பு பூத்துப் பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்த இடம் ஒருநாள் திடீரென்று சுத்தமாக, வழுவழுப்பாக இருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. தரையிலிருந்து அவள் நெஞ்சு உயரம் வரைக்கும் அப்படி. அதற்கு மேலே பழையபடி உப்பு பூத்திருந்தது. சிவஞானம் கழற்றிப்போட்ட பனியனில் அக்குள் பகுதி இரண்டும் சவைத்துத் துப்பினதுபோல் நைந்து ஓட்டையாகிக் கிடந்தது.

"என்ன பனியன் வாங்குத? ஒரு மாசம் உழைக்க மாட்டேங்குது" என்று அவன் அதற்கும் அவளைத்தான் திட்டினான். வாய் வரை வந்ததை அவள் விழுங்கினாள். அந்த வீட்டில் எது நடந்தாலும் பழி அவள் தலையில்தான் வந்து விழும். அவள் தலையும் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டின தலையா, பதில் பேசாமல் இருக்க?

மே மாதம் மின்வெட்டு வந்தது. தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு. ஏர் கூலர் ஓடும்வரை அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. அது நின்றதும் வீடு முழுக்க ஒரு பெரிய அமைதி விழும். அந்த அமைதிக்குள் ஹாலிலிருந்து ஒரு சத்தம் வருவதை மங்கை முதல்முறையாகக் கேட்டாள். சரக்... சரக்... சரக். சொரசொரப்பான ஈரத் துணியால் யாரோ அவசரமில்லாமல் தரையைத் துடைக்கிறார்கள். கொஞ்சம் நிற்கும். மொசைக் தரையில் டிக், டிக் என்று இரண்டடி. மறுபடி சரக்... சரக். அவள் சமையலறை வாசலில் நின்றபடி, கையில் கரண்டியோடு, கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்குவதை உணர்ந்துகொண்டே கேட்டாள். போய்ப் பார்க்கவில்லை. பார்த்துத்தான் என்ன ஆகப்போகிறது? அவன் தூங்குகிறான். தூங்கட்டும்.

அன்று சாயங்காலம் அவன் கேப் ஏறிப் போனதும், மிச்சமிருந்த உப்பையெல்லாம் எடுத்துப் படுக்கையறைக்கும் வைத்தாள். நாலு மூலைக்கு நாலு தட்டு. மனசு ஆறாமல், கட்டிலின் நான்கு கால்களைச் சுற்றியும் வேலி மாதிரி கொட்டினாள். எந்தச் சனியனும் இதைத் தாண்டி அவனிடம் வரக்கூடாது என்று வாய்விட்டே சொன்னாள்.

அடுத்த பத்து நாள் சிவஞானம் செத்த பிணமாகத் தூங்கினான். ஒரே ஒரு குறை சொன்னான். உள்ளங்கால் எரிகிறதாம். பார்த்தாள். இரண்டு பாதமும் இளஞ்சிவப்பாக, தோல் உரசினதுபோல் இருந்தன. வெயில் சூடுதான் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

அப்துல் ரஹீம் திரும்பி வந்தது மே இருபதாம் தேதி வாக்கில். கர்னலிடம் ராணுவத்திலேயே ஆர்டர்லியாக இருந்தவர். தமிழ்ப் பட்டாளத்தோடும் தமிழ் வீட்டோடும் நாற்பது வருஷம் பழகியதில் தமிழ் நன்றாகவே வரும். தோட்டத்து அறையில் குடியிருப்பு. மகள் கல்யாணத்துக்கென்று மார்ச் கடைசியில் ஜஹீராபாத் போனவர், இப்போது லட்டு டப்பாவோடு வந்தார். சிவஞானம் அப்போதுதான் கேப் ஏறியிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் இரண்டடி வைத்த ரஹீம் பாய், மூலையைப் பார்த்து நின்றார்.

"அம்மா, இது என்ன?"

"உப்பு, பாய். திருஷ்டிக்கு."

"குறையுதா?"

"நல்லாவே குறையுது" என்றாள், கொஞ்சம் பெருமையோடு.

ரஹீம் பாயின் முகம் போன போக்கை அவள் இப்போதுதான் கவனித்தாள். லட்டு டப்பாவை ஸ்டூலில் வைக்கப் போய், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"காய்கூ... எதுக்கு அம்மா? இந்த வீட்டுல எதுக்கு உப்பு வச்சீங்க? கர்னல் சாப் ஊறுகாய் ஜாடியைக்கூட ஹாலுக்குக் கொண்டுவர விடமாட்டார்."

"ஏன், என்னாச்சு?"

"ஷிகாருக்கு, வேட்டைக்குப் போனா சாப் தோள்ல துப்பாக்கி, என் முதுகுல உப்பு மூட்டை. அதுகளுக்கு உப்புன்னா உயிர் அம்மா. ஒரு பாறையில கொட்டிட்டு வந்துருவோம். தினமும் கொட்டணும், பத்து நாள், பதினஞ்சு நாள். முதல்ல பயந்து பயந்து வரும். அப்புறம் ஆதத் ஆயிடும், பழகிடும். ஆள் பக்கத்துல இருந்தாலும் ஓடாது. உப்பு தீர்ந்தா பாறையையே நக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப் சுடுவார்." அவர் சுவர்ப் பக்கம் பார்க்காமலேயே பேசினார். "அப்போ சுட ஆள் இருந்துச்சு. இப்போ யார் இருக்கா?"

மங்கைக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "இதைப் போறப்பவே சொல்லிட்டுப் போறதுக்கென்ன பாய் உங்களுக்கு?"

"எந்த வீட்டுல அம்மா ஹால்ல உப்பைக் கொட்டி வைப்பாங்க? நான் என்ன கனவா கண்டேன்?"

அவள் குனிந்து மூலைத் தட்டை எடுத்தாள். "சரி, எல்லாத்தையும் எடுத்துடறேன். எடுத்தா போயிடுமா?"

"எனக்குத் தெரியாது அம்மா. சுட்டதை உரிக்கத்தான் எனக்குத் தெரியும்." அவர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். அல்வாலில் மச்சான் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். லட்டு டப்பாவைக் கொடுக்க மறந்து கையோடு கொண்டுபோனார்.

அன்று ராத்திரி முழுக்க மங்கை உப்பை ஒழித்தாள். கோபம், பயம், மூன்று மாத எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொண்டு கையை இயக்கின. எட்டுத் தட்டுகளையும் சிங்க்கில் கவிழ்த்தாள். கட்டில் காலடியைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். சமையலறை உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஒன்றையும் விடவில்லை. சுவரைக் கழுவினாள், தரையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் கடைசிச் சொட்டு வரை தீர்ந்தபோது விடிந்துவிட்டது. தெருக்குழாயில் மஞ்சீரா தண்ணீர் மறுநாள்தான் வரும். வரட்டும். வீட்டில் ஒரு கல் உப்பு இல்லை.

காலையில் வந்த சிவஞானத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், பிறகு திட்டுவான், பிறகு தூங்க மாட்டான். உப்பில்லாத தோசையைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தான். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான்.

இரண்டு மணிக்கு கரண்ட் போனது.

கூலர் விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மங்கை சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண் செருகியது. ஹாலில் டிக், டிக். அவளுக்குத் தெரிந்த சத்தம். மூலைக்குப் போகிறது. நிற்கிறது. மோப்பம் பிடிக்கிற மூச்சு, புஸ் என்று. இன்னொரு மூலைக்குப் போகிறது. அங்கேயும் இல்லை. இப்போது ஒன்றல்ல, நிறைய அடிகள். ஒன்றன்பின் ஒன்றாக, மொசைக்கில், பொறுமையில்லாமல். பிறகு 'டக்'. ஒரு மாதத்துக்குப் பிறகு அதே 'டக்', ஜன்னல் கண்ணாடி அதிர. போய்விடும், இல்லையென்று தெரிந்தால் போய்விடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடா வாடை சமையலறை வரை வந்தது.

அடிகள் ஹாலை விட்டு நகர்ந்தன. சமையலறைப் பக்கம் இல்லை. படுக்கையறைப் பக்கம்.

அப்புறம் சத்தமே இல்லை, கொஞ்ச நேரம்.

அப்புறம் சரக்... சரக்... சரக்.

எதை நக்குகிறது? அங்கேதான் ஒன்றுமில்லையே. சுவரைக்கூடக் கழுவியாயிற்றே. நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில், காற்றில்லாத அறையில், தொப்பலாக வேர்த்துக் கிடக்கிற ஒரு மனிதனைத் தவிர.

எழுந்து ஓடினாள். ஹாலைக் கடக்கும்போது சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளினாள். இருட்டு. அவளே அட்டை ஒட்டி, அவளே துணி தொங்கவிட்டு உண்டாக்கின இருட்டு. ஜன்னல் அட்டையின் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. அதில் சிவஞானத்தின் இரண்டு பாதங்கள். ஒரு பாதம் தானாக மேலே எழும்பி, தானாக இறங்கியது. எழும்பி, இறங்கியது. ஒவ்வொரு தடவையும் சரக்.

"மங்கை..." சிவஞானம் தூக்கத்தில் சிரித்தான். "கூசுது."

கீற்று வெளிச்சத்தின் குறுக்கே தடித்த, வரிவரியான, சுருண்ட ஏதோ ஒன்று நகர்ந்து போனது. அதன் பின்னால் தோள். அதன் பின்னால் முதுகு, மயிர். தலை மட்டும்தானே சுவரில் இருந்தது. மீதி எங்கிருந்து வந்தது?

அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, எந்திரிங்க! ஏங்க!" மாத்திரைத் தூக்கம். தலை மட்டும் ஆடியது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். எண்பது கிலோ. ஒரு சாண் நகர்ந்தான். கை வழுக்கியது. வேர்வை இல்லை. வேர்வையை எப்போதோ துடைத்தாயிற்று. இது கொழகொழப்பு. அதற்கு அடியில் தோல் சூடாக, மெல்லிசாக, ஈரமாக இருந்தது. நெஞ்சிலும் ஒரு சரக். கழுத்திலும் ஒரு சரக். அவன் இப்போது சிரிக்கவில்லை. முனகினான். கண்ணைத் திறக்காமலேயே "எரியுதுடி" என்றான்.

உப்பு. ஒரு பிடி உப்பு கிடைத்தால் போதும், ஹாலில் எறிந்து இதுகளை இழுத்துவிடலாம். சமையலறைக்கு ஓடினாள். கழுவிக் கவிழ்த்த ஜாடி. குழாயைத் திருகினாள், அவன் மேல் ஊற்றிக் கழுவவாவது. காற்று சீறியது. ஒரு சொட்டு இல்லை. தொட்டியை ராத்திரியே காலி பண்ணியாயிற்று. எல்லாம் அவள் செய்தது. வைத்ததும் அவள், எடுத்ததும் அவள், அவனைச் சுற்றி வேலி கட்டி அதுகளை அவனிடமே கூட்டிக்கொண்டு வந்து விட்டதும் அவள்.

அறைக்குத் திரும்பி வந்தாள். வாசலில் நின்றாள். உடம்பு முழுக்க ஆத்திரம் திரண்டு வந்தது. கணவனைப் பறிகொடுக்கப் போகிறோம் என்ற பயம்கூட அந்த ஆத்திரத்துக்குள்தான் இருந்தது. டிசம்பரிலிருந்து அவள் அழவில்லை. அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது வந்தது. ஒரு துளி, கன்னத்தில் இறங்கி வாயோரம் வந்து நின்றது.

ஒரு சரக் நின்றது.

மற்ற நான்கும் தொடர்ந்தன. இருட்டில் டிக், டிக் என்று ஒன்று அவள் பக்கம் வந்தது. சூடான மூச்சு, கிடா வாடையோடு, முகத்தில் பட்டது. பிறகு கன்னத்தில் நாக்கு. அகலமான, முள்முள்ளான, சூடான நாக்கு. தாடையிலிருந்து கண்ணுக்கு அடிவரை ஒரே இழுப்பு.

மங்கை கத்தவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அழுதாள். வம்படியாக அழுதாள். டிசம்பர் மெயிலை நினைத்து அழுதாள். பதில் வராத மெயில்களை, செய்யாத சத்தத்துக்கு வாங்கின திட்டை, ஓட்டைப் பனியனுக்கு வாங்கின திட்டை, ராத்திரியில் ஆக்கிப் பகலில் ஆறிப்போன சோற்றை, எல்லாவற்றையும் நினைத்து நினைத்து அழுதாள். ஒரு சரக் நின்றது. இன்னொன்று. கட்டில் கிரீச்சிட்டது, பாரம் இறங்கினதுபோல. டிக், டிக், டிக். சுற்றி வந்து நின்றன. கொம்பு ஒன்று அவள் காதை உரசியது. இன்னொன்று முதுகை முட்டிச் சுவரோடு நிறுத்தியது. முகத்தின் இரண்டு பக்கமும், கழுத்திலும், மோவாயிலும் நாக்குகள். தள்ளிக்கொண்டு, முண்டிக்கொண்டு, இடம் கிடைக்காதவை காலைத் தரையில் உதைத்துக்கொண்டு.

கட்டிலில் சிவஞானம் புரண்டு படுத்தான். மெல்லக் குறட்டை விட ஆரம்பித்தான்.

கன்னம் எரிந்தது. முதலில் எரிச்சல், பிறகு மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் ஒரு காந்தல்.  மணி இரண்டரைதான் ஆகியிருக்கும். கரண்ட் வந்து, கூலர் ஓடி, அவன் வேர்வை அடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம். அதுவரை நிற்காமல் அழ வேண்டும். அழுவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவள் அவசர அவசரமாகத் தேடினாள்.

கண் வறண்டுகொண்டு வந்தது. நாக்கு நிற்கவில்லை. அது அவளுடைய இமையைத் தூக்கி, உள்ளே தேடியது.